துளைக்குள் ஏறாத சால்டர்

நானே சால்டர் செய்த ஒரு பவர் சப்ளை போர்டில், கனெக்டரை லேசாக அசைத்தாலே எல்.இ.டி. அணைந்து அணைந்து எரிந்தது. அடிப்பக்கத்தில் நான்கு கால்களைச் சுற்றியும் சால்டர் பளபளப்பாகவே நின்றது. போர்டைத் திருப்பி லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான், கிரவுண்டு காலின் (மின்சுற்றின் பொதுத் தரை இணைப்பு) துளை மட்டும் வெறுமையாக இருப்பது தெரிந்தது.

இருபக்க போர்டின் துளைச் சுவரில் தாமிரம் பூசப்பட்டிருக்கும். அந்தச் சுவரும் காலும் சால்டரின் உருகுநிலையைத் தாண்டிச் சூடாகியிருந்தால்தான், உருகிய சால்டர் நுண்புழை ஏற்றத்தால் இடுக்கு வழியே மேலே ஏறும். அந்த உருகுநிலை 63/37 வெள்ளீய, காரீயக் கலவைக்கு 183 டிகிரி செல்சியஸ், வெள்ளீயம், வெள்ளி, தாமிரம் கலந்த காரீயமற்ற எஸ்.ஏ.சி. 305-க்கு ஏறத்தாழ 217. கிரவுண்டு கால் அகன்ற தாமிரப் பரப்போடு இணைந்திருப்பதால், நாம் கொடுக்கும் சூட்டைப் பரப்பு இழுத்துக்கொள்கிறது. துளை குளிர்ந்தே கிடக்கிறது. மின்னணு போர்டுகளின் தரத்தைச் சோதிப்பதற்கான ஐ.பி.சி.-ஏ-610 தரநிலை, பொதுவாகத் துளையின் உயரத்தில் 75 விழுக்காடாவது நிரம்ப வேண்டும் என்று கேட்கிறது.

கையால் செய்யும்போது சால்டரிங் அயர்னின் முனை, பேடையும் (துளையைச் சுற்றிய தாமிர வளையம்) காலையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். சால்டர் கம்பியை முனைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஊட்ட வேண்டும். சால்டரை முனையில் உருக்கி எடுத்துவந்து தடவும் பழக்கம் பலரிடம் உண்டு (என்னிடமும் இருந்தது). அப்படிச் செய்தால் கம்பிக்குள் இருக்கும் ஃப்ளக்ஸ் (ஆக்சைடை நீக்கிச் சால்டர் ஒட்ட உதவும் பொருள்) வழியிலேயே புகைந்து தீர்ந்துவிடும். சூடு போதாதபோது வெப்பநிலையை 400-க்கு மேல் ஏற்றுவதைவிட, உளி வடிவ அகன்ற முனைக்கு மாறுவதே மேல். இல்லையென்றால் பேடே பெயர்ந்து வந்துவிடும்.

தொழிற்சாலைகளில் செய்யும் வேவ் சால்டரிங்கில் ஃப்ளக்ஸ் தெளித்து, முன்சூடாக்கி, பொங்கும் சால்டர் அலையின் மேல் போர்டைச் சில நொடிகள் கடத்துகிறார்கள். அங்கும் துளையை நிரப்ப உதவுவதில் முன்சூட்டுக்கே பெரும்பங்கு என்பது என் கருத்து. அடிப்பக்கத்தில் எஸ்.எம்.டி. பாகங்கள் (துளையின்றிப் பரப்பின் மேலேயே ஒட்டப்படுபவை) நெருங்கியிருந்தால், சிறு நாசிலிலிருந்து ஊறும் சால்டரை வேண்டிய கால்களில் மட்டும் படவைக்கும் செலக்டிவ் முறை பொருந்தும். துளையின் மேல் சால்டர் பேஸ்ட் (சால்டர் தூளும் ஃப்ளக்ஸும் கலந்த பசை) அச்சிட்டு, போர்டை அடுப்பில் சூடாக்கி அதை உருக்கும் ரீஃப்ளோ முறையும் உண்டு. ஆனால் பேஸ்டின் கன அளவில் ஏறத்தாழ பாதிதான் உலோகம் என்பதால் நிறையவே அச்சிட வேண்டும், கனெக்டரின் பிளாஸ்டிக்கும் அந்தச் சூட்டைத் தாங்க வேண்டும்.

என் போர்டில் பழைய சால்டரை உறிஞ்சி எடுத்து, புதிதாக ஃப்ளக்ஸ் இட்டு, அடியிலிருந்து ஹாட் ஏர் கொண்டு 100 டிகிரி வரை சூடாக்கிய பிறகு அகன்ற முனையை வைத்தேன். மூன்றாவது நொடியில், மேற்பக்கத்தில் காலைச் சுற்றி மெல்லிய வெள்ளி வளையமாகச் சால்டர் எட்டிப்பார்த்தது.