யூஎஸ்பி ஹோஸ்ட் கண்ட்ரோலர் டிரைவர்: செய்முறைத் தேர்வுக்குப் படித்த முறை

பெங்களூரில் பகலில் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்த்துக்கொண்டே, மாலை வகுப்பில் எம்பெடட் லினக்ஸ் (சிறு கருவிகளுக்குள் இயங்கும் லினக்ஸ்) படித்து, அதன் இறுதிச் செய்முறைத் தேர்வையும் வைவா எனும் வாய்மொழித் தேர்வையும் முடித்தேன். தேர்வில் பலரும் அஞ்சிய பகுதி யூஎஸ்பி. ஒரு போர்டைக் கையில் கொடுத்து, அதன் ஹோஸ்ட் கண்ட்ரோலரை (யூஎஸ்பி சாதனங்களோடு பேசும் சிப் பகுதியை) இயக்கும் டிரைவரைக் கட்டமைத்து, பென் டிரைவும் கீபோர்டும் இயங்குவதைக் காட்டச் சொல்வார்கள். ஓசூரிலிருந்து நாள்தோறும் வந்துபோகும் நண்பர்கள் உட்பட அடுத்த அணியில் எழுதவிருக்கும் சிலர் எப்படிப் படிப்பது என்று கேட்டதால் இதை எழுதுகிறேன். வேலை எந்த அடுக்கில் நின்றுபோயிருக்கிறது என்பதை, லினக்ஸின் மையமான கெர்னல் எழுதும் செய்திப் பதிவை, அதாவது லாகைப் பார்த்தே சொல்லும் பயிற்சி கைவந்தால், இந்தப் பகுதி எளிதாகிவிடும் என்பது என் உறுதியான கருத்து.

பாடநூல்கள் யூஎச்சிஐ, ஓஎச்சிஐ, இஎச்சிஐ, எக்ஸ்எச்சிஐ என்ற நான்கு கண்ட்ரோலர் தரங்களின் வரிசையில்தான் தொடங்குகின்றன. இஎச்சிஐ 480 மெகாபிட் வேகத்தை மட்டுமே கையாளும் என்பதையும், 12 மற்றும் 1.5 மெகாபிட் சாதனங்களை அது துணைக் கண்ட்ரோலரிடமோ ரூட் ஹப்பில் (கண்ட்ரோலரோடு சேர்ந்த முதல் ஹப்) உள்ள, வேகத்தை மாற்றித் தரும் டிரான்சாக்ஷன் டிரான்ஸ்லேட்டரிடமோ விட்டுவிடும் என்பதையும், எக்ஸ்எச்சிஐ எல்லா வேகங்களையும் தானே பார்த்துக்கொள்ளும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் தேர்வு மேசையில் பெரும்பாலும் இருப்பது பீகிள்போன் பிளாக் எனும் சிறு கணினி போர்டு. அதன் ஏஎம்3358 சிப்பில் இருப்பது மென்டர் கிராபிக்ஸ் வடிவமைப்பில் வந்த எம்யூஎஸ்பி கண்ட்ரோலர். அது மேற்சொன்ன நான்கில் எதுவும் இல்லை. பழைய ராஸ்பெர்ரி பை மாடல்களில் சினாப்சிஸின் டிடபிள்யூசி2 இருக்கிறது. ஆகவே போர்டு கைக்கு வந்ததும் சிப்பின் குறிப்பேட்டைத் திறந்து, உள்ளே இருக்கும் கண்ட்ரோலர் எது, அதை அந்தச் சிப்போடு பிணைக்கும் டிரைவர் எது, கம்பியில் மின்சிக்னலை அனுப்பிப் பெறும் பிஎச்ஒய் பகுதியின் டிரைவர் எது என்ற மூன்றையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றில் ஒன்று விடுபட்டாலும் போர்ட் உயிர் பெறாது.

கெர்னல் கட்டமைப்பில் அதிக நேரம் செலவிடத் தேவையில்லை. மெனுகான்ஃபிக் எனும் தேர்வுப் பட்டியலில் ஒரு விருப்பம் கண்ணில் படவில்லை என்றால், அது சார்ந்திருக்கும் வேறொன்று இன்னும் தேர்வாகவில்லை என்று பொருள். சாய்கோட்டுக் குறியை அழுத்தித் தேடினால் எதைச் சார்ந்தது என்று அதுவே காட்டிவிடும். எம்யூஎஸ்பிக்கு ஹோஸ்ட் மட்டும், கேட்ஜெட் (இன்னொரு கணினிக்குச் சாதனமாக நடப்பது) மட்டும், இரண்டும் என மூன்று வகைகள் உண்டு. எதைத் தேர்ந்தீர்கள், ஏன் என்று வைவாவில் கேட்பார்கள். ரூட் ஃபைல் சிஸ்டமே பென் டிரைவில் இருக்குமானால், இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின்போது தற்காலிகமாக நினைவகத்தில் ஏறும் ஃபைல் சிஸ்டம்) இல்லாத நிலையில் கண்ட்ரோலர், பிஎச்ஒய், ஸ்டோரேஜ் ஆகிய டிரைவர்கள் மாட்யூலாக இல்லாமல் கெர்னலுக்குள்ளேயே சேர்ந்திருக்க வேண்டும். பூட் வரியில், சாதனம் தோன்றும்வரை காத்திருக்கச் சொல்லும் ரூட்வெயிட் என்ற சொல்லும் இருக்க வேண்டும்.

போர்டில் என்னென்ன ஹார்டுவேர் உண்டு என்று கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீதான் நேரம் செலவிடத் தகுந்த இடம். கண்ட்ரோலரின் கணு இயக்கத்தில் இருக்கிறதா, டிஆர்-மோட் பண்பில் ஹோஸ்ட் என்று இருக்கிறதா, பிஎச்ஒய், கிளாக், பவர் ஆகியவற்றுக்கான சுட்டிகள் சரியா என்று பார்க்க வேண்டும். பீகிள்போனில் யூஎஸ்பி0 பெரிஃபெரலாகவும் யூஎஸ்பி1 ஹோஸ்டாகவும் அமைந்திருக்கும். பெரிய செவ்வக போர்ட் யூஎஸ்பி1. நீங்கள் திருத்திய கோப்பையே, கெர்னலைத் தொடங்கிவைக்கும் யூ-பூட் ஏற்றியது என்று நம்பிவிட வேண்டாம். போர்டு இயங்கத் தொடங்கியபின் ப்ராக் அடைவுக்குள்ளிருக்கும் டிவைஸ்-ட்ரீ பகுதியில் கெர்னல் உண்மையில் பெற்ற மதிப்புகளைப் படித்துப் பாருங்கள். பழைய டிடிபி (தொகுக்கப்பட்ட டிவைஸ் ட்ரீ) கோப்பு இன்னொரு பார்ட்டிஷனில் கிடந்து, அதுவே ஏறிக்கொண்டிருப்பது நடக்கக்கூடியதுதான்.

இனி லாக். பென் டிரைவைச் செருகியதும் "நியூ ஹை-ஸ்பீடு யூஎஸ்பி டிவைஸ் நம்பர் 2 யூசிங் மஸ்ப்-எச்டிஆர்சி" என்ற பொருளில் ஒரு வரி வரும். அந்த ஒரு வரியைப் பிரித்துப் படிக்கப் பழகுங்கள். ஹை-ஸ்பீடு என்று இருப்பதால் ரீசெட்டும், அதனுள் நடக்கும் சர்ப் எனும் வேகப் பேச்சுவார்த்தையும் முடிந்துவிட்டன. ஆகவே பிஎச்ஒய்யும் கம்பியும் ஓரளவு சரி. எண் 2 என்பதால் ரூட் ஹப் ஏற்கெனவே 1 என்ற எண்ணைப் பெற்றுவிட்டது. கடைசிச் சொல், எந்தக் கண்ட்ரோலர் டிரைவர் பொறுப்பேற்றிருக்கிறது என்று சொல்கிறது. ஆனால் யூஎஸ்பி 2.0 சாதனத்துக்கு இந்த வரி அச்சாவது, சாதனம் தன்னைப் பற்றித் தரும் டிஸ்கிரிப்டரைப் படிப்பதற்கு முன்பே; எனவே இதைக் கண்டதும் எல்லாம் முடிந்தது என்று எண்ணக் கூடாது. இதன்பின் மைனஸ் 71 என்ற பிழை எண் வந்தால் நெறிமுறைப் பிழை. கம்பி, சிக்னல், மின்சாரம் ஆகியவற்றை முதலில் சந்தேகியுங்கள். மைனஸ் 110 வந்தால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். இன்டரப்ட், கிளாக் பக்கமும் பார்க்க வேண்டும். மைனஸ் 32 என்றால் சாதனத்தின் எண்ட்பாயிண்ட் (தரவு வாயில்) கோரிக்கையை ஏற்காமல் ஸ்டால் ஆகியிருக்கிறது. கண்ட்ரோலர் பெரும்பாலும் நலமாகவே இருக்கும்.

மின்சாரத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லிஆம்பியர் வரை தர வேண்டும். போர்டையே லேப்டாப்பின் யூஎஸ்பி கம்பியால் இயக்கிக்கொண்டு, அதன் ஹோஸ்ட் போர்ட்டில் இன்னொரு சாதனத்தைச் செருகினால் அந்த அளவு எங்கிருந்து வரும்? தனி 5 வோல்ட் அடாப்டர் கொண்டு போங்கள். பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்பி ரோட்டில் அடாப்டர், சீரியல் கேபிள், பவர் உள்ள ஹப், மலிவான மல்டிமீட்டர் எல்லாம் ஒரே நடையில் கிடைத்துவிடும். அந்த ஹப்பில் மெதுவான கீபோர்டைச் செருகிப் பார்ப்பது நல்ல சோதனை. ஹை-ஸ்பீடு ஹப்புக்குப் பின்னால் இருக்கும் 1.5 மெகாபிட் சாதனத்துக்கு ஸ்ப்ளிட் பரிமாற்றம் (ஹப் இடையில் நின்று வேகம் மாற்றித் தருவது) வேலை செய்தாக வேண்டும்.

எனக்கு மிகுந்த பயன் தந்த பயிற்சி, நன்றாக இயங்கும் அமைப்பை வேண்டுமென்றே ஒவ்வோர் இடத்தில் கெடுத்து, லாக் என்ன சொல்கிறது என்று நோட்டில் எழுதிவைத்ததுதான். பிஎச்ஒய் டிரைவரை நீக்கினால் கண்ட்ரோலர் காத்திருப்பில் தள்ளப்படும். கெர்னலின் சோதனைத் தகவல்கள் இருக்கும் டிபக்எஃப்எஸ்ஸில் உள்ள டிவைசஸ்-டிஃபர்ட் கோப்பில் அதன் பெயர் தெரியும். டிஆர்-மோடைப் பெரிஃபெரல் ஆக்கினால் எதைச் செருகினாலும் லாகில் ஒரு வரியும் வராது. ஸ்டோரேஜ் டிரைவரை மட்டும் நீக்கினால் சாதனம் முழுமையாக அடையாளம் காணப்படும், ஆனால் டிஸ்க் தோன்றாது; யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை மர வடிவில் காட்டச் சொன்னால் டிரைவர் இடம் வெறுமையாக இருக்கும். டிஎம்ஏவை (ப்ராசசர் இன்றித் தரவை நகர்த்துவதை) நிறுத்தி பிஐஓ (ப்ராசசரே நகர்த்துவது) மட்டும் என்று வைத்தால் எல்லாம் இயங்கும், வேகம் மட்டும் குறைந்து ப்ராசசர் சுமை ஏறும். தேர்வாளர்கள் கெடுத்துவைக்கும் போர்டுகள் பெரும்பாலும் இந்த வகைகளுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன.

வைவாவுக்கு ஒரு யூஆர்பியின் (யூஎஸ்பி தரவுக் கோரிக்கையின்) பயணத்தை முழுதாகச் சொல்லத் தெரிய வேண்டும். ஸ்டோரேஜ் டிரைவர் அதை உருவாக்கி யூஎஸ்பி கோரிடம் தருவதும், கோர் அதைக் கண்ட்ரோலர் டிரைவரின் என்க்யூ செயல்கூறிடம் சேர்ப்பதும், ஹார்டுவேர் வேலையை முடித்ததும் இன்டரப்ட் வழியாக அது உரியவரிடம் திரும்புவதும் தடையின்றி வர வேண்டும். நண்பர் ஒருவரிடம் தமிழில் வாய்விட்டு விளக்கிப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறீர்களோ அந்த இடத்தில் கெர்னல் மூலநிரலின் எச்சிடி.சி கோப்பைத் திறந்து படியுங்கள். எக்ஸ்எச்சிஐ பற்றிக் கேட்டால், டிஆர்பிகள் எனும் 16 பைட் வேலைக் குறிப்புகள் வளையங்களாக நினைவகத்தில் இருப்பது, சைக்கிள் பிட் எதற்கு, வேலை வந்திருப்பதைக் கண்ட்ரோலருக்கு அறிவிக்கும் டோர்பெல்லை எப்போது எழுதுவது என்ற மூன்றையும் தெளிவாகச் சொன்னால் போதும். அதற்குமேல் அந்த விவரக்குறிப்பில் மூழ்காமல், மீதி மாலைகளைப் போர்டோடும் சீரியல் கேபிளோடும் செலவிடுங்கள்.