மூடுபனியில் கடைசி 200 அடி: ஒரு பயிற்றுநரின் நாட்குறிப்பு

நவம்பர் 4

குறைந்த பார்வைத் தூரத்தில் தரையிறங்குவதற்கான மறுபயிற்சி இன்று தொடங்கியது. சிமுலேட்டரில் ஓடுபாதைப் பார்வைத் தூரத்தை 550 மீட்டராகவும், மேகத்தின் அடிமட்டத்தை 200 அடியை ஒட்டியும் அமைத்திருந்தேன். ஓடுபாதையின் நேர்கோட்டையும் இறங்கும் சரிவையும் ரேடியோ அலைகளால் காட்டும் ஐஎல்எஸ் கருவியை நம்பி ஓடுபாதையை நெருங்கும் அப்ரோச்சில், முதல் வகைக்கு வழக்கமான கடைசி எல்லை அதுதான். பயிற்சிக்கு வந்த கேப்டன் நீண்ட அனுபவம் உள்ளவர். ஆட்டோபைலட்டை விலக்கிவிட்டுக் கையாலேயே இறக்கிக்கொண்டிருந்தார். 1,000 அடியில் வேகம், இறக்கையில் விரியும் ஃபிளாப், சக்கரம், இறங்கும் வீதம் அனைத்தும் ஒழுங்காக இருந்தன. 300 அடியில் அவருடைய கண்கள் கருவிப் பலகையை விட்டு முன்கண்ணாடிக்குச் சென்றன. அங்கே வெண்மையைத் தவிர ஒன்றும் இல்லை. அடுத்த சில விநாடிகளில் விமானத்தின் மூக்கு ஒன்றரை பாகை தாழ்ந்தது. நிமிடத்துக்கு 700 அடியாக இருந்த இறங்கும் வீதம் 1,100 அடியைத் தொட்டது. அவருக்கு அது தெரியவே இல்லை. வெளியே எதையோ தேடும் கண், கையையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது.

நவம்பர் 5

நேற்று நடந்ததைப் புரியவைக்கக் காலையில் வகுப்பறைப் பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 3 பாகைச் சரிவில் 200 அடி உயரத்தில் இருக்கும் விமானம், ஓடுபாதையின் முனையிலிருந்து ஏறத்தாழ 870 மீட்டர் தள்ளி இருக்கிறது. அணுகு விளக்குகளின் முழு நீளம் 900 மீட்டர். ஆகவே 550 மீட்டர் பார்வைத் தூரத்தில், இறங்குவதா ஏறுவதா என்று முடிவெடுக்கும் உயரமான அந்த 200 அடியை எட்டும் நொடியில் ஓடுபாதை தெரியாது. தெரிய வேண்டும் என்று விதியும் கேட்கவில்லை. சில வரிசை விளக்குகள் தெரிந்தாலே தொடரலாம். ஆனால் ஓடுபாதையின் முழு உருவத்தை மனத்தில் எதிர்பார்த்து வருபவர், விளக்குகளைக் கண்டதும் அவற்றை நோக்கி மூக்கைத் தாழ்த்திவிடுகிறார். விமானம் நேர்கோட்டில் இருக்கிறதா, இறக்கைகள் சமமாக இருக்கின்றனவா என்பதை அந்த விளக்குகள் நன்றாகவே காட்டும்; சரிவு சரியாக இருக்கிறதா என்பதை அவை சொல்லமாட்டா. தரைக்கு மீதமிருப்பதோ 17 விநாடிதான்.

இருக்கையின் உயரத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அதைச் சற்றே தாழ்த்தி அமர்ந்தாலும் விமானத்தின் மூக்கு கூடுதலாக மறைக்கும். 30 மீட்டர் இடைவெளியில் இருக்கும் விளக்குகளில் ஏறக்குறைய ஒரு வரிசை கண்ணுக்குத் தெரியாமல் போகும். புறப்படும் முன்பே சரிசெய்ய வேண்டிய இதைப் பலர் பொருட்படுத்துவதில்லை.

நவம்பர் 9

இரண்டு பழைய விபத்துகளைப் பற்றி இன்று விவாதித்தோம். 1997 ஆகஸ்ட் 6 அன்று குவாமில் மலையில் மோதிய கொரியன் ஏர் 801 விமானத்தில் இருந்த 254 பேரில் 228 பேர் உயிரிழந்தனர். அங்கே இறங்கும் சரிவைக் காட்டும் கிளைடு ஸ்லோப் இயங்காது என்பது முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தும், அது வேலை செய்கிறதோ என்ற குழப்பம் அந்த விமானி அறையில் நீங்கவில்லை. தூரத்தைக் காட்டும் நிலையம் விமான நிலையத்தில் இல்லாமல், ஓடுபாதைக்கு 3.3 கடல்மைல் முன்னால் இருந்தது. மலையில் மோதுவதற்குச் சுமார் 6 விநாடிகளுக்கு முன்புதான் துணை விமானி இறங்குவதைக் கைவிடலாம் என்று சொன்னார். இதை 'விமானியின் பிழை' என்று எழுதி மூடிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. விமானம் அளவுக்கு மீறித் தாழ்வதைக் கண்டு எச்சரிக்க வேண்டிய தரைக் கணினி அமைப்பும் அப்போது முடக்கப்பட்டிருந்தது. எனினும் என் மாணவர்களின் கைக்கு எட்டுவது விமானி அறை மட்டுமே என்பதால், நாங்கள் அங்கேயே நின்று பேசினோம்.

1990 நவம்பர் 14 அன்று சூரிக் அருகே மோதிய அலிட்டாலியா 404இல் நடந்தது இதைவிட வேதனையானது. ஒரு ஐஎல்எஸ் ரிசீவர் பழுதாகி, எல்லாம் சரியாக இருப்பதுபோலக் காட்டிக்கொண்டிருந்தது. துணை விமானி மேலே ஏற முற்பட்டார், கேப்டன் தடுத்துவிட்டார். விமானத்தில் இருந்த 46 பேரும் இறந்தனர்.

இறங்குவது இயல்பு, கைவிட்டு ஏறுவது விதிவிலக்கு என்ற வரிசையே தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன். துணை விமானி கருவிகளை மட்டும் பார்த்து இறக்க வேண்டும். கேப்டன் வெளியே பார்க்க வேண்டும். முடிவெடுக்கும் உயரத்தில் கேப்டன் வாய் திறந்து "இறங்குகிறேன்" என்று சொல்லிக் கட்டுப்பாட்டை ஏற்காவிட்டால், துணை விமானி யாரையும் கேட்காமல் கோ அரவுண்ட் செய்ய வேண்டும், அதாவது இறங்குவதைக் கைவிட்டு மேலே ஏற வேண்டும். இந்த முறையில் இறங்குவதற்குத்தான் காரணம் தேவை, ஏறுவதற்குத் தேவையில்லை.

நவம்பர் 12

கருவிகளின் முள் எல்லாம் சரியாக நடுவில் நிற்கும்போது எதைச் சந்தேகிப்பது என்று ஒரு மாணவி கேட்டார். நல்ல கேள்வி. 2000 ஜூலை 29 இரவு ஏர் நியூசிலாந்து 60 விமானம் சமோவாவின் அபியாவை நெருங்கியபோது, தரையிலிருந்த கருவியின் கோளாறால் கிளைடு ஸ்லோப் முள் அசையாமல் நடுவிலேயே நின்றது. விமானம் ஓடுபாதைக்கு 5 மைலுக்கும் அப்பால் 400 அடிக்கும் கீழே வந்துவிட்டிருந்தது. தீவின் விளக்குகள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்பதையும், தூரம் பொருந்தவில்லை என்பதையும் கவனித்த விமானிகள் மேலே ஏறித் தப்பினார்கள். ஓடுபாதைக்கு மீதமுள்ள ஒவ்வொரு கடல்மைலுக்கும் ஏறத்தாழ 300 அடி உயரம்: இந்த ஒரே பெருக்கலை ஒவ்வொரு அப்ரோச்சிலும் வாய்விட்டுச் சொல்லவைக்கிறேன்.

நவம்பர் 16

கோ அரவுண்டிலும் ஆபத்து உண்டு என்பதை மறைக்கக் கூடாது. முழு விசை கொடுத்ததும் மேகத்துக்குள் உடல் பின்னுக்கு அழுந்துகிறது. மூக்கு மிகையாக உயர்ந்துவிட்டதாகக் காது ஏமாற்றுகிறது. கை தானாகவே முன்னே தள்ளுகிறது. மூக்கின் உண்மையான நிலையைக் காட்டும் கருவியான செயற்கைத் தொடுவானத்தை மட்டுமே நம்ப வேண்டிய நேரம் அது. இந்த உணர்வைச் சிமுலேட்டரால் முழுமையாகத் தர முடியாது என்பது எனக்குப் பெருங்குறை.

நவம்பர் 18

இன்று கேப்டனை மட்டும் தனியே அழைத்து, 500 அடிக்குப் பிறகு எதுவும் பேச வேண்டாம், அசையவும் வேண்டாம் என்று சொல்லிவைத்தேன். நினைவிழந்த கேப்டனைத் துணை விமானி எவ்வளவு விரைவில் கண்டுகொள்கிறார் என்பதே சோதனை. முடிவெடுக்கும் உயரத்துக்கு "100 அடி மேலே" என்ற அறிவிப்புக்கு மறுமொழி வரவில்லை. அந்த உயரத்தை எட்டியதைச் சொல்லும் "மினிமம்" என்ற அறிவிப்புக்கும் வரவில்லை. அந்த இளைஞர் கேப்டனின் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை; "கோ அரவுண்ட், ஃபிளாப்" என்று சொல்லி விசையைக் கூட்டினார், மூக்கை 15 பாகைக்கு உயர்த்தினார், விமானம் ஏறுவதை உறுதி செய்தபின் சக்கரத்தையும் தாமே மடக்கினார். விமானம் 170 அடிக்குக் கீழே போகவில்லை. நாளை அதே சோதனை, பக்கக் காற்றோடு.