ஃபிரிட்ஜ் கதவில் ஒரு அறிவிப்பு

நண்பர் வீட்டு ஃபிரிட்ஜில், குழந்தை வரைந்த யானைக்குப் பக்கத்தில், எல்சிஏ அறிவிப்பு. எல்சிஏ என்பது வெளிநாட்டு ஊழியரின் சம்பளம், பணியிடம் பற்றி நிறுவனம் அமெரிக்கத் தொழிலாளர் துறையிடம் போடும் விண்ணப்பம். இன்னொரு பிரதி ஹால் சுவரில்.

சரியாகத்தான் செய்திருக்கிறார். எச்-1பி என்ற அமெரிக்க வேலை விசாவில் வீட்டிலிருந்து வேலை பார்த்தால் வீடும் பணியிடம். வேலை தொடங்கும் நாளுக்குள் இரண்டு இடங்களில் ஒட்டி, 10 நாட்கள் விட வேண்டும்.

அதே பெருநகர வட்டாரத்துக்குள் வீடு மாறினால் இவ்வளவுதான்.

டல்லாஸிலிருந்து ஆஸ்டினுக்கு என்றால் அப்படியில்லை. குடியேற்றத் துறையின் மேல்முறையீட்டு அலுவலகம் தந்த 2015 சிமியோ தீர்ப்பின்படி புது எல்சிஏ வேண்டும். தொழிலாளர் துறை அதற்கு 7 வேலை நாட்கள் எடுக்கும். பிறகு நிறுவனம் குடியேற்றத் துறையிடம் திருத்திய ஐ-129 (எச்-1பி-க்கான மனு) போட வேண்டும். போட்ட பிறகு கிளம்பலாம், ஒப்புதல் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

பலர் சறுக்குவது இங்கேதான். மேலாளர் ‘சரி’ என்றதுமே லாரி பிடித்துவிடுகிறார்கள். அவர் சொல் மனு ஆகாது. தயவுசெய்து எச்ஆரிடம் முதலில் சொல்லுங்கள்.

ஏஆர்-11 என்ற முகவரி மாற்றப் படிவத்தை மட்டும் நீங்களே போட வேண்டும், குடிபோன 10 நாட்களுக்குள்.