ஓட்டலுக்குப் போகுமுன் வீட்டில் ஓர் இலை

நாகர்கோவிலில் ஞாயிறு மதியம் சைவச் சாப்பாட்டுக் கடைகளில் கூட்டத்தைக் கேட்கவே வேண்டாம். கொதிக்கும் சாம்பார் வாளியோடு பரிமாறுபவர் வருவார், அவர் காலுக்கிடையில் ஒரு பிள்ளை ஓடும். அப்பா அம்மா போனில். எனக்குப் பதறும். மரியாதை அப்புறம், முதலில் பிள்ளைக்குச் சுடக்கூடாதே!

எங்கள் வீட்டில் கடைக்குப் போகுமுன் ஒரு நாள் தரையில் இலை போடுவோம். நுனி இடப்பக்கம். பருப்பும் நெய்யும், பப்படம், சாம்பார், பாயசம், கடைசியில் ரசம், மோர் என்று நம்மூர் விருந்து வரிசை தெரிந்துவிட்டால் பிள்ளை ‘அடுத்து என்ன’ என்று நச்சரிக்காது. கரண்டி சாயுமுன்பே ‘போதும்’ சொல்லப் பழக்குகிறோம். கொட்டியபின் சொல்லிப் பயனில்லை. சொடக்குப் போட்டுக் கூப்பிடக் கூடாது. ‘அண்ணே, கொஞ்சம் ரசம்’ என்றால் தானாக வரும்.

இலையில் ஊற்றிய பாயசத்தை வழித்துச் சாப்பிடும்போது கை முழங்கை வரை ஒழுகினால் நான் ஒன்றும் சொல்வதில்லை. அதில் மட்டிப்பழத்தை, அதாவது எங்கள் ஊர்ச் சின்ன வாழைப்பழத்தை, பிசைந்து சாப்பிடுவதற்கு இங்கிதம் பார்த்தால் எப்படி? கை கழுவும் தொட்டியில் காறித் துப்பினால் மட்டும், ‘மக்களே, அது வேண்டாம்’ என்பேன். பிள்ளையை எங்கள் ஊரில் அப்படித்தான் செல்லமாகக் கூப்பிடுவோம்.