நாணயப் பெட்டிக்கு மேலே ஒரு மின்விசிறி: அருங்காட்சியகத்தில் என் இன்டர்ன்ஷிப் மாதம்

முதுகலை வரலாறு இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு ஒரு மாத இன்டர்ன்ஷிப் கட்டாயம். கூடப் படித்தவர்கள் கல்வெட்டு, ஓலைச்சுவடி என்று போனார்கள். நான் நெல்லைப் பக்கம் ஒரு அருங்காட்சியகத்தில் பார்வையாளர் ஆய்வு செய்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். "பொருளை விட்டுட்டு, பாக்க வர்ற ஆளுகளையா ஆராயப் போற?" என்று வீட்டில் சிரித்தார்கள். வேலையே அதுதான். வருகிறவர்கள் எங்கே நிற்கிறார்கள், எதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறார்கள், வெளியே வரும்போது மனதில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பது.

முதல் வாரம் மொத்தமாக வீண். பதினைந்து கேள்விகளோடு ஒரு படிவம் அடித்து, வாசலில் நின்று நீட்டினேன். "காட்சி பிடித்திருந்ததா?" என்றால் எல்லாரும் "நல்லாருக்கு". விருந்துக்குப் போன வீட்டில் யாராவது குழம்பில் உப்பில்லை என்று சொல்வார்களா? அதே கதைதான். ஒரு பிள்ளை பேப்பரோடு வெயிலில் நிற்கிறாளே என்று இரக்கப்பட்டு ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டுப் போனார்கள். அத்தனையையும் கட்டி ஓரமாக வைத்துவிட்டு, ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டேன்: "வீட்டுக்குப் போய் இங்க பாத்ததுல எதைச் சொல்லுவீங்க?" அப்புறம்தான் பேச்சு வந்தது. ஒரு அக்கா சொன்னார்: "அந்தப் பெரிய நெல்லுப் பானைய."

அங்கே நெல்லுப் பானையே கிடையாது. அவர் சொன்னது முதுமக்கள் தாழியை.

இந்த மாதிரித் தாழிகள் கிடைத்த ஆதிச்சநல்லூரில் 1876-ல் ஜெர்மானியரான யாகோர் தோண்டினார், 1899-லிருந்து தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரியா தோண்டினார் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். அந்த மண்ணுக்குப் பக்கத்து ஊர்க்காரர்களுக்குத் தாழி ஏன் நெல்லுப் பானையானது? மறுநாள் தாழிக்குப் பக்கத்திலேயே நின்றேன். ஒரு ஆச்சியும் பேரனும் வந்தார்கள். பையன் எழுத்துக்கூட்டி வாசித்தான்: "ஈமத்தாழி. இரும்புக் காலம். சுடுமண்." ஆச்சி கேட்டார், "ஈமம்னா என்னல?" "தெரியல ஆச்சி." இரண்டு பேரும் நகர்ந்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் அனுமதி வாங்கி, ஒரு ஏ4 தாளில் மார்க்கரால் எழுதி ஒட்டினேன்: "இறந்தவரின் உடலையோ எலும்புகளையோ இதில் வைத்துப் புதைத்தார்கள்." அவ்வளவுதான். அடுத்த நாள் வந்தவர்கள் தாழியின் வாய்க்குள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒருவர் தன் உயரத்தையும் அதன் உயரத்தையும் கையால் அளந்தார். செலவில்லாமல் ஒட்டிப் பார்த்து, திருத்தி, மறுபடி ஒட்டுகிற இந்த வேலைக்கு ஃபார்மேட்டிவ் மதிப்பீடு என்று பெயர். காட்சி அமைக்கும் முன்பே மக்களுக்கு என்ன தெரியும் என்று விசாரிப்பது ஃபிரண்ட்-எண்ட். எல்லாம் முடிந்து திறந்தபின் செய்வது சம்மேட்டிவ். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், இந்த மூன்றையும் கேட்பார்கள்.

கவனித்துக் குறிப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கூடத்தின் வரைபடம், பரீட்சை அட்டை, போனில் ஸ்டாப்வாட்ச் போதும். 1920-களிலேயே அமெரிக்காவில் ராபின்சன் என்ற உளவியலாளர் கையில் கடிகாரத்தோடு இதைச் செய்திருக்கிறார். இரண்டு காலும் நின்று, கண் பொருள்மேல் மூன்று விநாடியாவது இருந்தால்தான் 'நின்றார்' என்று குறிப்பேன். யாரைக் கவனிப்பது என்பதில் ஏமாந்துவிடாதீர்கள். முகம் பார்த்து எடுத்தால் நம்மை மாதிரியே கல்லூரிப் பிள்ளைகளாகச் சேரும்; எனக்குச் சேர்ந்தது. வாசலில் மனதுக்குள் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒருவரை முடித்ததும் அடுத்து அந்தக் கோட்டைத் தாண்டுகிறவர் யாரோ அவர்தான். பள்ளிக்கூடக் கூட்டத்தைத் தனிக் கணக்கில் வையுங்கள், அவர்கள் ஆசிரியரின் விசிலுக்குத்தான் நகர்வார்கள்.

ஒரு குடும்பத்தின் பின்னாலேயே போய், அப்பாக்காரர் சட்டென்று திரும்பி "என்னம்மா, எதுக்கு எங்க பின்னாடியே வர?" என்று கேட்டது இப்போது நினைத்தாலும் கூசுகிறது. 'இன்று இங்கே பார்வையாளர் ஆய்வு நடக்கிறது' என்று வாசலில் அறிவிப்பு வைத்து, கழுத்தில் அடையாள அட்டை போட்டிருந்தால் இந்தச் சங்கடமே வந்திருக்காது.

இப்போது மின்விசிறிக்கு வருகிறேன். என் கணக்கில் எல்லாரும் அதிக நேரம் நின்றது நாணயப் பெட்டி முன்னால். 'மக்களுக்கு நாணயங்களில் ஆர்வம் அதிகம்' என்று அறிக்கையில் எழுதியும் விட்டேன். காவலர் அண்ணாச்சி வாசித்துவிட்டு, "கொஞ்சம் மேல பாரும்மா" என்றார். அந்தக் கூடத்தில் ஓடுகிற ஒரே மின்விசிறி அங்கேதான். மே மாதம் வேறு. மறுநாள் காலையில் கரண்ட் போனது, நாணயங்கள் மேலிருந்த ஆர்வமும் போனது. சுற்றிப் பார்க்கிறவர்களுக்கு வரும் அருங்காட்சியகக் களைப்பைப் பற்றி 1916-லேயே பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் கில்மன் எழுதியிருக்கிறார். குனிந்தும் எக்கியும் பார்க்கிற ஒருவரைப் படம் பிடித்தே காட்டினார். அக்கினி நட்சத்திரத்தில் பாளையங்கோட்டைக்கு வந்திருந்தால் இன்னொரு கட்டுரை எழுதியிருப்பார். படிவத்தில் விசிறி, பெஞ்சு, கரண்ட், கூட்டம் ஆகியவற்றுக்கு ஒரு கட்டம் கண்டிப்பாக விடுங்கள்.

நெல்லைப் பக்கம் இதே மாதிரி ஆய்வுக்கு இடம் தேடுகிறவர்களுக்கு: முதல்முறை என்றால் கொக்கிரகுளம் மாவட்ட அறிவியல் மையம் சுலபம். பிள்ளைகள் பொத்தானை அமுக்கி, கைப்பிடியைச் சுற்றுவதால் புரிந்ததா இல்லையா என்று கண்ணாலேயே தெரியும். ஆதிச்சநல்லூரில் அகழ்ந்த குழியின் மேல் கண்ணாடித் தளம் இருக்கிறது. அங்கே எல்லாரும் கீழே பார்த்து நடப்பார்கள், வரைபடத்தை வேறு மாதிரி போட வேண்டும். ரெட்டியார்பட்டி பொருநை அருங்காட்சியகம் பெரியது; ஒரு கூடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். துறைத் தலைவர் கடிதத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். மாநில அருங்காட்சியகங்கள் துறையின் அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதையும் நாள் கணக்கில் சேருங்கள்; மற்ற இடங்களில் எந்த நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அறிக்கையை முப்பது பக்கம் எழுதினேன். அலுவலர் புரட்டிப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான்: "இதுக்கெல்லாம் எவ்வளவு ஆகும்?" அன்று ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு பரிந்துரைக்கும் பக்கத்தில் செலவு எழுதினேன். ஒன்றை மட்டும் உடனே செய்தார்கள். நாணயப் பெட்டி பக்கம் கிடந்த பெஞ்சைத் தூக்கித் தாழிக்கு எதிரே போட்டார்கள். செலவு: இரண்டு பேர், ஐந்து நிமிடம்.