ஸ்டாக் என்னும் மரக்கட்டை

கணக்குத் தணிக்கைத் தொழிலில் இருப்பவர்களுக்கு மார்ச் 31 என்றாலே கிடங்குதான் நினைவுக்கு வரும். நூற்பாலைக்கு ஸ்டாக் எடுக்க, அதாவது சரக்கிருப்பைச் சரிபார்க்கச் சென்றால், நூல் மூட்டைகளை எண்ணி, எண்ணி முடித்த அடுக்கின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்துவிட்டு, பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். ஸ்டாக் என்றால் என்னவென்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) எங்கள் மேசைக்கு வந்தபோது, மூலதனப் பகுதியில் ‘காமன் ஸ்டாக்’ என்ற வரியைக் கண்ட பயிற்சி மாணவர், “சார், சரக்கு எப்படி இந்தப் பக்கம் வந்தது?” என்று கேட்டார். அது பங்கு மூலதனம் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். கேள்வி நியாயமானது என்பதால் அப்படிச் செய்ய மனம் வரவில்லை.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு அடிமரம், கட்டை என்பதே பொருள். ஜெர்மானியர்கள் இன்றும் கைத்தடியை ஏறக்குறைய இதே ஒலியில்தான் அழைக்கிறார்கள். துப்பாக்கியின் மரப்பிடி, ஒட்டுக் கட்டும்போது வேரோடு நிற்கும் அடிச்செடி, குற்றவாளியின் கால்களைப் பூட்டி வைத்த தொழுமரம் ஆகிய எல்லாவற்றுக்கும் இதே பெயர் என்பதில் வியப்பில்லை. லண்டனில் இன்று மேயரின் மாளிகை நிற்கும் இடத்தில், 18ஆம் நூற்றாண்டு வரை ‘ஸ்டாக்ஸ் மார்க்கெட்’ என்றொரு சந்தை இருந்தது. அங்கே விற்றவை இறைச்சியும் மீனும் காய்கறியுமே. அருகில் இருந்த தொழுமரத்தால் வந்த பெயர் அது. பங்குச் சந்தையின் பெயர் அங்கிருந்து வந்ததாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பணத்துக்கும் இந்தக் கட்டைக்கும் உள்ள உறவு இங்கிலாந்து அரசின் கருவூலத்தில் தெளிவாகத் தெரிகிறது. அங்கே செலுத்திய தொகையை ஒரு குச்சியின் குறுக்கே வெட்டுகளாகப் பதிந்தார்கள். ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகலம், நூறு பவுண்டுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு ஒரு வாற்கோதுமை மணியின் பருமன் என்று வெட்டுகளின் அளவை 12ஆம் நூற்றாண்டின் கருவூல நூலொன்று வரையறுக்கிறது. பிறகு குச்சியை நெடுக்கில் பிளந்து, நீளமான பாதியைப் பணம் கட்டியவரிடம் கொடுத்துவிட்டு, குட்டையான பாதியைக் கருவூலம் வைத்துக்கொண்டது. நீளமான பாதிக்குத்தான் ஸ்டாக் என்று பெயர். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது வெட்டுகளும் மரத்தின் ரேகையும் பொருந்தியாக வேண்டும் என்பதால், ஒருவர் தன்னிடம் உள்ள பாதியில் மட்டும் திருத்தம் செய்து ஏமாற்ற வழியில்லை. இவ்வளவு எளிய உள்கட்டுப்பாட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை. கிடங்குச் சாவியும் பதிவேடும் ஒரே ஆளிடம் இருக்கும் ஆலைகளில் இதைச் சொல்லிக்காட்டத் தோன்றும்.

பின்னாளில் அரசு கடன் வாங்கியபோதும் இக்குச்சிகளையே கொடுத்தது; அவை கைமாறின. இங்கிலாந்து வங்கி 1697இல் தன் மூலதனத்தைப் பெருக்கியபோது, புதிய பங்குகளுக்கு ஈடாக இக்குச்சிகளையும் ஏற்றுக்கொண்டது. 1826இல் இம்முறை ஒழிந்தது. தேங்கிக் கிடந்த பழைய குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் சபையின் அடுப்புகளில் போட்டு எரிக்கப்போய், வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையின் பெரும்பகுதியே எரிந்துபோயிற்று.

சரக்கு என்ற பொருள் எப்படி வந்தது என்பதில் அகராதிக்காரர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. கிளைகள் அடிமரத்திலிருந்து தழைப்பதுபோல் வணிகம் தழைக்கும் முதல், அதாவது மூலதனம் என்ற விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. முதல் என்ற அந்தக் கருத்தில் சரக்கும் பங்கும் ஒன்றாக அடங்கிவிடுகின்றன; பிரிட்டிஷ் கணக்கர்கள் சரக்கைப் பிடித்துக்கொண்டார்கள், அமெரிக்கர்கள் பங்கைப் பிடித்துக்கொண்டார்கள். மாணவரிடம் இதைத்தான் சொன்னேன். நம் நிறுவனச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை சரக்கிருப்பை ‘இன்வென்ட்டரீஸ்’ என்று எழுதச் சொல்வதால், ஐந்தொகையில் நாங்களும் அப்படியே எழுதுகிறோம். கடன் தந்த வங்கிக்கு மாதந்தோறும் போகும் சரக்குக் கணக்கு மட்டும் இன்றும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்தான்.