மகனின் மடங்காத கைகள்

லேபர் றூமில் மகனைத் துடைத்துத் தந்தபோதே தெரிந்துவிட்டது. முழங்கை இரண்டும் நீட்டியபடியே நின்றன, மடங்கவில்லை. மணிக்கட்டு உள்ளே வளைந்திருந்தது, பாதங்கள் ஒன்றையொன்று பார்த்துத் திரும்பியிருந்தன. "கிரகணத்தில வெளியில போனியாகா?" பார்க்க வந்தவர்கள் கேட்டது இதைத்தான். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு மாதம் அழுதேன்.

பிள்ளை வைத்தியர்தான் பெயர் சொன்னார்: ஆர்த்ரோகிரிபோசிஸ். ஏறத்தாழ 3000 பிறப்புக்கு ஒன்று இப்படி வருமாம். வயிற்றுக்குள் பிள்ளையின் அசைவு குறைந்தால் மூட்டுகள் இறுகிவிடும். மகனுக்கு இருப்பது அமையோபிளேசியா என்ற வகை, பரம்பரையாக வருவதல்ல. வயதோடு நோய் முற்றாது, புத்திக்கும் குறைவில்லை என்றார். அன்றிரவுதான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

பாதத்துக்கு, திரும்பியதைக் கொஞ்சம் கொஞ்சமாக நேராக்கும் பொன்செட்டி முறையில் கிழமைக்கொரு பிளாஸ்டர். மண்டூரில் வாவியைக் கடக்கும் மிதவைப் பாதையில் ஏறி, குருமண்வெளியில் இறங்கி, களுவாஞ்சிகுடி போய் மட்டக்களப்பு பஸ் பிடிக்க வேண்டும். மாரியில் வாவித் தண்ணீர் தெறிக்கும். பிளாஸ்டர் நனைந்தால் இளகிவிடும் என்று இரண்டு காலிலும் சொப்பிங் பேக் கட்டிக் கொண்டுபோவேன். வழி முழுக்க விரல் நுனியையே பார்த்தபடி இருப்பேன். நீலம் பாய்ந்தாலோ குளிர்ந்தாலோ கிளினிக் நாள் பார்க்காமல் ஓட வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்கு ஐந்தாறு பிளாஸ்டரில் திரும்பும், எங்களுக்கு ஒன்பது. பிறகு குதிகால் தசைநாணில் சின்ன வெட்டு, மூன்று மாதம் நாளுக்கு 23 மணித்தியாலம் கம்பியால் இணைத்த சப்பாத்து, அதன்பின் தூங்கும்போது மட்டும். இரண்டு வயதில் ஒரு பாதம் மறுபடி திரும்பியது, திரும்பவும் பிளாஸ்டர். இந்த நோயில் அது அடிக்கடி நடப்பது, மனம் உடையத் தேவையில்லை.

கைக்கு வைத்தியம் எங்கள் வீட்டில்தான். குளிப்பாட்டிய சூட்டில், பால் குடித்த பிறகு, நாப்கின் மாற்றும்போது முழங்கையை மெல்ல மடக்கி, பத்து எண்ணிப் பிடித்து விடுவேன். இடையில் ஒருவர் எண்ணெய் பூசி உருவி விடுவதாகச் சொல்ல, அம்மாவும் நானும் போனோம். பிள்ளை வீரிட்ட சத்தத்தில் பறித்துக்கொண்டு வந்துவிட்டேன். இந்தப் பிள்ளைகளுக்கு எலும்பு மெல்லியது, பலவந்தமாக மடக்கினால் முறியும் என்று பிசியோதெரபி மிஸ் பிறகு சொன்னபோது கை நடுங்கியது. தயவுசெய்து யாரிடமும் உருவக் கொடுக்காதீர்கள்.

முழங்கையைத் தானாக மடக்கும் தசைப்பலம் அவனுக்கு இன்னும் இல்லை. ஆனால் நாங்கள் மடக்கி மடக்கி மூட்டு இளகியிருந்தது. போன மாதம் மாரி பிஸ்கட்டை விரலிடுக்கில் பிடித்தான். முன்கையை மேசை விளிம்பில் வைத்து உடம்பால் முன்னே தள்ளினான். கை மடிந்து வாய்க்குப் போனது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பாதி பிஸ்கட் தரையில் விழுந்தது, மற்றப் பாதியை மென்றுகொண்டே அடுத்ததைக் கேட்டான்.